ஷெயார் மாஸ்டர்

ஷெயார் மாஸ்டர் என்பவர் திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருக்கிற, பெரும்பாலும் ஓய்வூதியம் எடுக்கிற பிரமுகர். தனக்கு வந்த செய்தியை அனுப்பாமல் வைத்திருப்பது ஊரான் சொத்தை ஒளித்துவைப்பது போன்ற குற்றம் என்பது இவருடைய கொள்கை. ஒரு மொழியில் வந்ததை இன்னொரு மொழியில் மாற்றி அனுப்புவது அதற்கு மேலான புண்ணியம். மாஸ்டர் என்பதற்காக இவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்க வேண்டுமென்றில்லை. கச்சேரிக் கிளாக்கர், ரெயில்வேக் காரர், தபால் கந்தோர்க் காரர், துறைமுகத்தில் கணக்கு எழுதியவர் என்று பலரும் இந்தப் பட்டத்துக்கு உயர்ந்திருக்கிறார்கள். வேண்டியதெல்லாம் மூன்று மொழியில் கொஞ்சம் கொஞ்சமும், நேரம் நிறையவும்தான்.

இவருக்குப் பரம்பரை உண்டு. பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும் வரை, டொக்யார்டில் வேலை செய்து ஆங்கிலம் பிடித்தவர்கள் தேத்தண்ணிக் கடையில் ஆங்கிலப் பத்திரிகையை விரித்துவைத்துத் தமிழில் சொல்லுவார்கள். பத்திரிகையில் இருந்ததற்கும் சொன்னதற்கும் இடையில் தூரம் கொஞ்சம் இருக்கும். கேட்டவர்கள் அளந்து பார்த்ததில்லை. இன்னொரு முன்னோர் கச்சேரி வாசலில் சின்ன மேசை போட்டிருந்த பெட்டிசம் எழுதுபவர். முதலாமவரிடமிருந்து பரப்பும் ஆசையும் இரண்டாமவரிடமிருந்து மொழிபெயர்க்கும் கையும் இன்றைய மாஸ்டருக்கு வந்து சேர்ந்தன. மேசைக்குப் பதில் போன்.

மாஸ்டரின் நாள் விடியுமுன்னே தொடங்கும். பிரெட்ரிக் கோட்டைக்குள் நடை. அங்கே அலைகிற புள்ளிமான்களில் ஒன்று தலையைத் தூக்கினால் அன்றைய முதற் படம் கிடைத்துவிட்டது. கோணேசர் கோயிலடியில் சூரியன் கடலுக்கு மேலே வரும்போது இரண்டாவது. ஆறு மணிக்குள் தமிழில் காலை வணக்கம், சிங்களத்தில் சுப உதேசனக், ஆங்கிலத்தில் குட் மோர்னிங் மூன்றும் போய்விடும். மான் மூன்றிலும் ஒன்றுதான். சில மான்கள் சில வருடங்களாக அதே திசையைப் பார்த்தபடி நிற்கின்றன.

காலை உணவுக்குப் பிறகு சரித்திரம். திருகோணமலையில் இதற்குப் பஞ்சமில்லை என்பது மாஸ்டருக்கு ஊர் செய்த பெரிய உபகாரம். இளம் மாலுமியாக இந்தக் கடலுக்கு வந்த நெல்சன் இதுதான் உலகத்தின் முதல்தர இயற்கைத் துறைமுகம் என்று சொன்னதாக ஒரு பதிவு, மாதத்துக்கு ஒரு தரமாவது வரும். ஒவ்வொரு தரமும் நெல்சன் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடப் புகழுவார். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது உண்மை. அதைப் படம் போட்டு விளக்குகிற பதிவில் நிற்கும் விமானம் மட்டும் வேறு எங்கோ, வேறு யாருடைய சண்டையிலோ பறந்தது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி நாசாவே வியந்துவிட்டது என்ற செய்தியை மாஸ்டர் நம்புகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. நம்புவது அவருடைய வேலையே அல்ல.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் தனி அத்தியாயம். உலகப் போருக்கு முன்பின்னாகக் கட்டப்பட்ட இந்தத் தாங்கிகளில் 99 ஐப் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை வந்தது. லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. கூட்டினால் கணக்குச் சரி. மாஸ்டரின் குறூப்புகளில் இந்தத் தொகை ஒருநாளும் 99 வந்ததில்லை. ஒன்றில் ஊரே விற்கப்பட்டிருக்கும், இன்னொன்றில் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும், வேறொன்றில் அமெரிக்கக் கப்பல் உட்துறைமுக வாசலில் நிற்கும். அடுத்த நாள் கடற்கரைக்குப் போய்க் கப்பலைத் தேடுகிறவர்களில் மாஸ்டரும் ஒருவர்.

இவர் மொழிபெயர்ப்பாளராக ஆனதற்கு மொழிப்பற்றைக் காரணம் சொல்லுவார்கள். உண்மைக் காரணம் வட்ஸ்அப். 2018 இல் அனுப்பி வந்த செய்திக்கு மேலே அது ஒரு அம்புக்குறியைப் போடத் தொடங்கியது. செய்தி சொந்தமல்ல, கைமாறியது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. 2019 ஜனவரியில் ஒரே முறையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்றது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்ததை ஒரேயொரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றது. ஐம்பது குறூப்பில் இருக்கிற மனிதருக்கு இது சோற்றில் கை வைத்த மாதிரி. அப்போதுதான் மாஸ்டர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் எழுதினால் அது புதுச் செய்தி. அம்புக்குறி இல்லை, ஐந்து என்ற எல்லையும் எட்டாது, கீழே தன் பெயரையும் போடலாம். பிறகு அதையே சிங்களத்தில் எழுதினால் இன்னொரு புதுச் செய்தி. பகிர்ந்தவர் ஒரே இரவில் ஆசிரியராகிவிட்டார்.

கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூகுள் மொழிபெயர்ப்பு 2011 இல் தமிழையும் 2014 இன் கடைசியில் சிங்களத்தையும் சேர்த்துக்கொண்டது. அது முன்னேறியிருக்கிறது; மாஸ்டர் அதை வாசித்துப் பார்க்காமல் அனுப்புகிற வழக்கந்தான் முன்னேறவில்லை. நிலாவெளிக் கடலில், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி, 2003 முதல் தேசிய பூங்காவாக இருக்கிற தீவை ஊரார் புறாமலை என்பார்கள். மாஸ்டரின் ஆங்கிலப் பதிவில் அது புறாக்கள் வாழும் மலையாகிவிட, அதை நம்பி வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் மலையேறும் சப்பாத்தோடு படகுக்காரருக்கு முன்னால் நின்றார்கள். படகுக்காரர் ஒன்றும் சொல்லாமல் காசை வாங்கிக்கொண்டு ஏற்றினார்.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் மாவட்டத்தின் வடகரையில் ஏறிய இரவுதான் இந்தக் கலை உச்சம் தொட்டது. அன்று மாஸ்டர் மூன்று புயல்களை அடிக்கச் செய்தார். தமிழ்க் குறூப்பில் அடித்தது, மெழுகுதிரி வாங்கி வைக்கவேண்டிய, கூரைத் தகரத்தைக் கட்டவேண்டிய நடுத்தரப் புயல். சிங்களத்தில் அது சிறியது, ஏனென்றால் மாஸ்டருக்குத் தெரிந்த சிங்களச் சொற்களில் அவ்வளவு காற்றுத்தான் கொள்ளும். ஆங்கிலத்தில் அடித்ததோ ஊழிக் காற்று. ஆங்கிலக் குறூப் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருடையது. திருகோணமலையில் இரவு பத்தரை என்றால் ரொறன்ரோவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கிருந்து அழைப்பு வந்தது.

"சித்தப்பா, கடல் டவுனுக்குள்ள வந்திட்டுதாமே?"

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே போட்டிருக்கிறியள்!"

மாஸ்டர் யன்னலைத் திறந்து பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நகரம் பயந்த அளவுக்கு அடிவாங்காமல் தப்பிக்கொண்டது. மறுநாள் காலை, முன்கூட்டியே எச்சரித்ததால் வந்த நன்மை என்று மாஸ்டர் மூன்று மொழியிலும் எழுதினார்.

வீட்டில் இவருக்கு மதிப்பு மட்டு. ரீலோட் போடுவது மகன். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் குறூப்பைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறார்கள். மனைவி போன் இல்லாமலே எல்லாவற்றையும் அவருக்கு முன்பே அறிந்துவிடுகிறார், எப்படியென்று இதுவரை தெரியவில்லை. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, ஊரடங்கு நாளில், அரசாங்கம் சமூக ஊடகங்களை நிறுத்தியபோதுதான் வீட்டார் மாஸ்டருக்காக முதன்முதலாக இரங்கினார்கள். அன்று அவர் மதிலோரம் கதிரை போட்டு ஏறி நின்று பக்கத்து வீட்டுக்குச் செய்தி சொன்னார். அங்கிருந்து பின்வீட்டுக்குச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். பொழுதுபட முன் தடை நீங்கிவிட்டது.

மாஸ்டரின் இன்னொரு வேலையைப் பற்றி அவர் எங்கும் பதிவு போடுவதில்லை. இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த வருடத்துப் பதினாறாவது திருத்தம் எந்த மொழியில் நிர்வாகம் நடக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தது. சட்டம் கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டது, தனிச்சிங்களக் கடிதங்கள் மட்டும் இன்னும் அதற்கு முன்னே வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. காணி, ஓய்வூதியம், வங்கிக் கடன், பொலிசில் கொடுத்த முறைப்பாடு என்று ஏதோ ஒன்று. பின்னேரத்தில் அந்தக் கடிதத்தோடு யாராவது படலையைத் திறப்பார்கள். மட்டிக்களியிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருவார்கள்.

"ஐயா, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"இருங்கோ பிள்ளை. பயப்படாதேங்கோ, முதலில தண்ணி குடியுங்கோ."

அப்போது போன் கவிழ்ந்து கிடக்கும். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தின் திகதியிலிருந்து தொடங்குவார். விரலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள் சிங்களத்தில் முணுமுணுத்து, தெரியாத சொல்லுக்குப் பழைய அகராதியை எடுப்பார். மூன்று மொழிக்கும் கைக்கு ஒரு செய்தியென்று அள்ளி வீசுகிற அதே ஆள், ஒரு பந்திக்கு அரை மணித்தியாலம் எடுப்பார். சந்தேகமிருந்தால் கந்தோரில் கூட வேலைசெய்த சிங்கள நண்பருக்குப் போன் போட்டு, "மச்சான், இதுக்குச் சரியான கருத்து என்ன?" என்று கேட்பார். ஒரு சொல்லும் கூட்டமாட்டார், ஒன்றையும் குறைக்கவும் மாட்டார். கடைசித் திகதி எது, எந்தக் கந்தோர், எந்தப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்பதைக் கடிதத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுப்பார். பதிலும் அவரே சிங்களத்தில் எழுதுவார். கையொப்பம் வைக்குமுன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். கூலி வாங்குவதில்லை. வந்தவர் அடுத்த முறை கொண்டுவருகிற சூடை மீனை மறுப்பதுமில்லை.

பதிவுத் தபாலில் போடவேண்டும், துண்டைத் தொலைக்கக் கூடாது என்று படலையடியில் ஒரு தரமும் றோட்டில் ஏறும்போது இன்னொரு தரமும் சொல்லி அனுப்புவார். மூன்றாம் தரம் சொல்வது இரவு வட்ஸ்அப்பில், அன்று எடுத்த மான் படத்தோடு.