நமக்கு இருவர், ஒரே தடவையில்

கல்யாணமான பெண்ணுக்கு ரெட்டை வாழைப்பழம் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். சீப்பைத் திருப்பிப் பார்க்கையில் ஒரே தோலுக்குள் இரண்டாய் ஒட்டிக்கொண்டிருக்கும் பழம் கண்ணில் பட்டால், அதைப் பிய்த்துத் தனியே வைத்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயசான யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவர்களால் இனி ஆபத்தில்லை. 1986 பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பூவன் தாரில் அப்படி ஒரு பழம் காணாமல் போயிற்று. அந்த ஐப்பசியில், கொட்டுகிற மழையில், மாயவரத்தில் என் மனைவிக்குப் பெண்ணொன்றும் பையனொன்றுமாகப் பிறந்தபோது அந்தப் பழம்தான் என் அம்மா நடத்திய விசாரணையில் முதல் தடயம்.

இப்போது என் மகளுக்கும் அதேபோல இரண்டு. இரண்டும் பையன்கள். சோழிங்கநல்லூரில் பதினோராவது மாடியில் சுவரைப் பிடிக்காமல் நடக்கவும், பிடித்தால் அதில் கிறுக்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். டாக்டர் வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். ஒரே மாதத்தில் இரண்டு கருமுட்டை வெளிவருகிற சுபாவம் தாய்வழியாக வருவது, இந்த ஜாதி இரட்டையில் தகப்பனுக்குப் பெரிய பங்கு கிடையாது என்று சொல்லிவிட்டாராம். மகள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சொரேர் என்றது. மின்வாரிய ஆபீசின் கணக்குப் பிரிவில் நான் அந்தக் காலத்தில் வாங்கிக் குவித்த பாராட்டையெல்லாம் இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அது லேசான பாராட்டுமல்ல. ஆபீசுக்கு எதிர்ச் சுவரில் சிவப்பு முக்கோணம் தலைகீழாக நிற்கும், பக்கத்தில் அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், கீழே ‘நாம் இருவர், நமக்கு இருவர்’. அரசாங்கம் வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு எட்டச் சொன்ன இலக்கை நான் ஒரே தடவையில் முடித்துவிட்டேன் என்று மேலாளரே டீ வாங்கிக் கொடுத்தார். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன், ஏதோ இரவு பகலாக உட்கார்ந்து திட்டம் போட்டவனைப் போல.

இரண்டு என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? ஸ்கேன் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் அப்போது வந்திருக்கவில்லை. வயிறு கொஞ்சம் பெரிசாக இருக்கிறதே என்றதற்கு, மசக்கையில் நிறையச் சாப்பிட்டுவிட்டாள் என்பதுதான் பதில். முதல் அழுகை கேட்டு, வராந்தாவில் நான் சட்டைப்பையில் கைவிட்டு இனாம் கொடுக்கத் தயாரானபோது, கதவைப் பாதி திறந்த நர்ஸ், “போயிடாதீங்க, இன்னொண்ணு இருக்கு” என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுருக்கமாக யாரும் எதையும் அறிவித்ததில்லை. என் மகளுக்கோ ஏழாவது வாரத்திலேயே திரையில் இரண்டு புள்ளி தெரிந்துவிட்டது. கீழே இருப்பது ‘ஏ’, மேலே இருப்பது ‘பி’ என்று அறிக்கையில் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆச்சரியப்படுவதற்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. அதற்குள் ஆச்சரியம் ஆறிப்போய், இரட்டைத் தள்ளுவண்டி லிஃப்ட்டுக்குள் நுழையுமா என்று அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதில் யார் மூத்தது என்ற வழக்கு மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. முதலில் வந்தது பெண், அதனால் அவள்தான் அக்கா என்று நானும், கடைசியில் வருவதுதான் முதலில் உள்ளே போனது, பையன்தான் அண்ணன் என்று என் அம்மாவும் வாதாடினோம். ரேஷன் கார்டில் என் கட்சி ஜெயித்தது. தீபாவளிக்குக் கையில் எண்ணெய் வைக்கும் வரிசையில் அம்மாவின் கட்சிதான் கடைசிவரை ஆண்டது.

ஒரே முற்றம், ஒரே கிணறு, ஐந்து குடித்தனம். அப்படி ஒரு வீட்டில் நீங்களும் இருந்திருந்தால், கதவு சாத்துவது என்பது ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்கிற காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் இரண்டும் தவழ ஆரம்பித்ததும் வீட்டு எல்லையை ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று கோடி வீட்டு அப்பாயியின் அரிசி முறத்தில் கிடக்கும். இன்னொன்று தையல்காரர் வீட்டில் நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருக்கும். என் மனைவி தேடியதாக ஞாபகமில்லை. பசித்தால் எந்த வீட்டிலிருந்தாவது அழுகை வரும், அழுகை வந்த திசையில் போனால் பிள்ளை இருக்கும். நடைவண்டி ஒன்றுதான் இருந்தது, அதற்குச் சண்டை. ஒன்று தள்ளினால் இன்னொன்று முன்னால் படுத்து மறியல் செய்யும். இன்று மகள் வீட்டில் எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கிறது. இரண்டு வண்டி, இரண்டு பொம்மை யானை, இரண்டு நாற்காலி. சண்டைக்கு இடமே கொடுக்கக் கூடாது என்று வாங்கியது. அவர்கள் எப்படியோ ஒரு யானையைத் தேர்ந்தெடுத்து அதற்காக மட்டும் அடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு யானை முழுக்க முழுக்கப் புதிதாக இருக்கிறது.

சாயங்காலமானால் அப்பாயி கிணற்றடியில் காலை நீட்டி உட்காருவார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அதுதான் எங்கள் குழந்தைகளின் குளியல் தொட்டி. நல்லெண்ணெய் தேய்த்து, பயத்தமாவு பூசி, கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீட்டி, மூக்கை நீவிவிட்டு, கடைசிச் சொம்புத் தண்ணீரைத் தலையைச் சுற்றி ஊற்றும்போது இரண்டும் வீல் வீலென்று கத்துகிற கத்தலில் மாட்டுக்காரர்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். பிறகு சாம்பிராணிப் புகை. பிறகு தூளி. உத்தரத்தில் கயிறு, கயிற்றில் என் மனைவியின் பழைய நூல் புடவை, நடுவில் மூச்சு முட்டாமலிருக்க ஒரு கம்பு. அக்கம்பக்கமாகத் தொங்கிய இரண்டு தூளியையும் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஆட்டுவதற்கு ஒரு தாளம் வேண்டும். அது எனக்கு வராது. நான் ஆட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்து, தூங்கியதும் எழுந்துகொள்ளும். அதனாலேயே அந்த வேலையிலிருந்து எனக்கு விலக்கு கிடைத்தது. சில வேலைகளைச் சரியாகச் செய்யாமலிருப்பதில் அப்போதே எனக்குத் தேர்ச்சி இருந்தது.

மகளும் தூளிதான் வேண்டும் என்றாள். கான்கிரீட் கூரையில் துளை போடக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இரும்புச் சட்டத்தில் மோட்டார் பொருத்திய தூளி இரண்டு பெட்டியில் வந்து இறங்கிவிட்டது. மூன்று வேகத்தில் ஆடும். இடித்துக்கொள்வதில்லை. பாட்டும் அதுவே பாடும்.

துணிக்கு வருகிறேன். இதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். என் எட்டு முழ வேட்டிகளும் மாமனாரின் வேட்டிகளும் சதுரம் சதுரமாகக் கிழிபட்டன. வெயில் காலத்தில் கவலையில்லை, கொடியில் போட்டால் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில், கடைமுழுக்குக்கு ஊர் ஊராக ஜனங்கள் வந்து துலாக்கட்டத்தில் முங்கி எழுந்து பாவத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் நடை, கூடம், சமையல்கட்டு என்று எங்கு பார்த்தாலும் கொடி கட்டி, ஈரத் துணிக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தோம். கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரப்பி, கரியில் கொஞ்சம் சாம்பிராணியும் தூவிக் காயவைப்பாள் என் மனைவி. என் சட்டையும் அதே கூடையில்தான் காய்ந்தது. ஆபீசில் என்னைச் சுற்றி எப்போதும் ஒரு கோயில் வாசனை இருந்ததால், மனுஷன் காலையில் ஒரு மணி நேரம் பூஜை செய்துவிட்டு வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது பேம்பர்ஸ். ராத்திரி போட்டால் காலை வரை ஒரு சொட்டு வெளியே வராது. பிள்ளை தூங்குகிறது, தாய் தூங்குகிறாள்; இதைக் கண்டுபிடித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம், கும்பிட்டேன். ஆனால் கழற்றியதைக் காகிதத்தில் சுற்றித் தனியே கட்டி வைத்தால் அது எங்கே போகிறது என்று விசாரித்தபோது மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கை காட்டினார். பெருங்குடிக் குப்பைமேடு. அதை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் தலம் என்று அறிவிக்கப்பட்டதும் அதுதான். எங்கோ வடக்கேயிருந்து பறந்து வருகிற பறவைகளுக்கும் என் பேரன்களுக்கும் அங்கே ஒரு சம்பந்தம் ஏற்பட்டிருக்கிறது. என் வேட்டிகளோ துணியாகி, பிறகு கரித்துணியாகி, கடைசியில் லாந்தர் துடைக்கப் போய், இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன.

சோறூட்டுவது முற்றத்தில். பருப்புசாதம், நெய், மேலே நிலா. ஒரு பிள்ளை வாயைத் திறக்கும்போது இன்னொன்று துளசி மாடத்துக்குப் பின்னால் ஓடும். ஓடியதை அக்கம்பக்கத்தார் யாராவது பிடித்துத் தங்கள் வீட்டுச் சோற்றை ஒரு வாய் திணித்து அனுப்புவார்கள். ஆக என் பிள்ளைகள் ஐந்து வீட்டு ரசத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்குக் கணக்கே கிடையாது. பேரன்களுக்குப் புதிதாக ஒன்று கொடுத்தால் மூன்று நாள் வேறெதையும் புதிதாகக் கொடுக்காமல் காத்திருந்து உடம்பைப் பார்த்தார்கள். பூசணிக்காய் அந்தப் பரீட்சையில் தேறிய அன்று வாட்ஸப்பில் எனக்குத் தகவல் வந்தது. நாற்காலியில் வார் போட்டுக் கட்டி உட்கார வைத்திருப்பதால் ஓட வழியில்லை, ஆகவே வாயைத் திறப்பதுமில்லை. அதற்குத்தான் யூடியூப். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதானாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை மகள் எனக்குப் படித்துக் காட்டியவாறே அந்த ஒரு மணி நேரத்தை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பங்கு போட்டாள். கண்ணை உருட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஆடிப் பாடும் அந்தப் பொம்மைகள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன என்று நினைத்திருந்தேன்; சூசூ டிவி 2013இல் நம் சென்னையிலேயே தொடங்கியதாம். நிலாவும் இருக்கிறது. முற்றத்தைவிடப் பதினோரு மாடி கிட்டத்தில் இருக்கிறது. புறாவுக்காக பால்கனியில் வலை கட்டியிருப்பதால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

மருந்து விஷயத்தில் நான் அதிகம் பேசுவதில்லை. வசம்பைச் சுட்டுக் குழைத்ததும், உரைகல்லில் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்ததும் டாக்டர் காதில் விழக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கிரைப் வாட்டரும் அப்படியே. 1851இல் நாட்டிங்காமில் ஒரு மருந்துக் கடைக்காரர் உண்டாக்கிய அந்தத் தண்ணீரில் ஆரம்ப காலத்தில் சாராயமும் கொஞ்சம் இருந்ததாகப் படித்தேன். பிள்ளைகள் ஏன் அப்படி நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று நூறு வருஷத்துத் தாய்மார்கள் வியந்திருப்பார்கள். ஆனால் எங்கள் முற்றத்தில் ஒரு கால் சூம்பிய பையன் ஒருவன் இருந்தான். என் பிள்ளைகள் ஓடும்போது அவன் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு கைதட்டுவான். 2014இல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்த செய்தியைப் படித்தபோது அவன் முகம்தான் வந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவன் குறுக்கே வருவான். நானும் நிறுத்திக்கொள்வேன்.

என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். பிரசவத்துக்குத் தகப்பனும் லீவு கேட்கலாம் என்பது யாருக்கும் தோன்றாத காலம். மத்திய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள் என்று வந்ததே 1997இல்தான். நான் கேட்டிருந்தால், பிரசவம் உனக்கா என்றிருப்பார் டீ வாங்கிக் கொடுத்த அதே மேலாளர். ஆகவே என் பணி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குளித்து, பவுடர் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, தலை வாரித் தயாராக நிற்கும் இரண்டையும் சைக்கிளில் ஏற்றி, பாரில் ஒன்று, பின்னால் கூடைச் சீட்டில் ஒன்று, பட்டமங்கலம் தெரு வழியாக மணிக்கூண்டு வரை போய்த் திரும்புவேன். கடைக்குக் கடை என்னை நிறுத்துவார்கள். பெட்டிக்கடையில் பிஸ்கட், பூக்காரம்மாவிடம் ஒரு முழம் கதம்பம், இலவசம். “ரெண்டும் ஒரே மாதிரியே இருக்கே, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீங்க?” என்று, கவுன் போட்ட ஒன்றையும் டிராயர் போட்ட ஒன்றையும் பார்த்துக் கேட்பார்கள். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தபிறகு கேள்வி மாறிற்று: “இதுல எதுங்க அப்பு?” பையன் கொஞ்சம் குள்ளம், அவனுக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. காளியாகுடி ஹோட்டலில் ஒரு கையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக நான் காபி குடிப்பதைப் பார்த்து, “தனியாளா ரெண்டு புள்ளைய வளக்குறாருய்யா” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கொஞ்சம் மெதுவாகவே குடித்தேன்.

மாப்பிள்ளை ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டே, காமிராவில் தெரியாத உயரத்தில், பேம்பர்ஸ் மாற்றுகிறார். ஒன்றுக்கு நகம் வெட்டும்போது இன்னொன்றைக் காலிடுக்கில் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரிகிறது. இரண்டு கையும் இரண்டு தாளத்தில் வேலை செய்கின்றன. பதினோராவது மாடியில் அதைப் பார்த்துப் பாராட்ட ஒரு பூக்காரம்மா கிடையாது. எதிர் ஃபிளாட்டின் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்றால் கூரியர் பையனுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை செய்வதில் நாலில் ஒரு பங்கு நான் செய்திருந்தால் மாயவரத்தில் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். “சைக்கிளோடயா?” என்றாள்.

ஒத்தாசைக்கு என்று வந்து தங்கியிருப்பதால் எனக்கும் வேலை உண்டு. வயசாகிவிட்டது, மூன்று மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. அதனால் விடியற்காலை என் பொறுப்பு. யார் எழுந்தது, எத்தனை மில்லி பால் குடித்தது, மறுபடி எப்போது தூங்கியது என்று போனில் ஒரு செயலியில் பதிய வேண்டும். ‘ஏ’யா ‘பி’யா என்று அது கேட்கும். இருட்டில் இரண்டும் ஒரே போர்வைக்குள் கிடக்கும்போது நான் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுகிறேன். மறுநாளைக்கு மற்றதைத் தட்டிச் சரிக்கட்டிவிடுவேன், கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? அந்தச் செயலியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மகள், மாப்பிள்ளை, என் மனைவி, பிறகு தொட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் காமிரா, அதற்கு அடுத்தது நான். அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிற ஜாதியல்ல என்பதால் வரிசையைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.