நாற்காலிக்குப் பின்னால் நிற்றல்: கல்யாணப் பந்தி குறித்த ஒரு செயல்பாட்டு மேலாண்மை ஆய்வு

1. வரையறை

இலையை முன்வைத்து மனிதர்கள் வரிசையாக அமரும் உற்பத்தி முறையே பந்தி. இதன் உள்ளீடுகள் பசி, அரிசி, மொய்க் கவர். வெளியீடுகள் ஏப்பம், தாம்பூலப் பை, குறை. இச்சொல் ‘பங்க்தி’ என்ற வடசொல்லின் வழி வந்ததா என்ற விவாதத்தை இலை போட்டதும் ஒத்திவைப்பது மரபு (பெரிய மாமா, வாய்மொழி).

2. அமைப்பு

1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் கார் நகர்ந்தது, தொழிலாளி நின்றார். பன்னிரண்டரை மணி நேரம் எடுத்த அடிச்சட்டக் கோர்ப்பு அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடமானது. பந்தியிலோ இலை நகராது, சாம்பார் வாளிதான் நகரும். பாடநூல்கள் இவ்வகையை ‘நிலையிட அமைப்பு’ என்று பெயரிட்டு, கப்பல் கட்டுவதை எடுத்துக்காட்டும். எந்தக் கப்பலும் இரண்டாம் முறை ரசம் கேட்டதில்லை.

3. கொள்திறன்

இருக்கை 200. சாப்பிட 25 நிமிடம், இலை எடுத்து மேசையில் புதுத் தாள் விரிக்க 5 நிமிடம். ஆக மணிக்கு 400 பேர். நூறு பேர் காத்து நின்றால் ஒருவருக்குச் சராசரியாகக் கால் மணி நேரம் ஆகும். காத்திருப்போர் எண்ணிக்கை என்பது வருகை வேகத்தைக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கிய தொகை என்று 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்தார். “கால் மணி ஆகும், உள்ளே காத்தாட உட்காருங்க” என்று சொல்லும் சமையல்காரரின் ஆள் நிரூபணத்தை மட்டும்தான் விட்டுவிட்டார்.

4. நாற்காலிக்குப் பின்னால் நிற்றல்

வரிசைக் கோட்பாடு 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங்கிடம் தொடங்குகிறது. இணைப்புக்காகக் காத்திருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தவரின் தொண்டைக்குழியை உற்றுப் பார்க்கவில்லை என்பதால், அவருடைய ஆய்வு இத்துறைக்குப் பாதிதான் பயன்படும்.

இடங்கள் பலவாயினும் வரிசை ஒன்றாக இருப்பதே நியாயம் என்கிறது கோட்பாடு. வங்கிகளின் டோக்கன் முறை அப்படிப்பட்டது. பந்தியிலோ ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஆள். ஆகவே நிற்பவரின் தலையாய திறன் நாற்காலியைத் தேர்வதே. அமர்ந்திருப்பவர் சாம்பார் நிலையில் இருந்தால் பதினைந்து நிமிடம், ரச நிலையில் எட்டு, மோர் நிலையில் மூன்று (சின்னத்தாத்தா, நேர்ப்பேச்சு, இரண்டாம் பந்தி, வலப்புறத் தூண் அருகே).

இக்கணிப்பு பிழைக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்குபவர். அவருக்கு அது தொடக்கம். இரண்டு, மோர்ச் சாதத்துக்குப் பிறகு ஊறுகாய் கேட்பவர். ஊறுகாய் வந்ததும் சாதம் போதாது, சாதம் வந்ததும் மோர் போதாது. மூன்று, எழுந்துவிட்டு நாற்காலியில் கைப்பையை வைப்பவர். பை சாப்பிடாது, ஆனால் இருக்கையை முடக்குவதில் மனிதருக்குக் குறைந்ததன்று (ஒன்றுவிட்ட அத்தை, மதுரை வழி, கைகழுவும் இடத்தில் குழாய் வராத நேரத்தில் ஆற்றிய உரை, தண்ணீர் வந்ததால் முற்றுப்பெறாதது).

பின்னால் நிற்பது உண்பவரை விரைவுபடுத்துமா? 1911இல் ‘அறிவியல்முறை மேலாண்மை’யை நூலாக்கிய டெய்லரின் வழி, தொழிலாளிக்கு அருகே கடிகாரத்தோடு நிற்பது. இங்கே கடிகாரம் வேண்டாம், பிடரியில் படும் மூச்சே போதும். எனினும் கருத்து வேறுபாடு உண்டு. மூச்சு பட்டால் கை விரையும் என்பது மாப்பிள்ளை வீட்டார் கொள்கை. மூச்சு பட்டால் இன்னொரு வடை கேட்கத் தோன்றும் என்பது பெண் வீட்டார் கொள்கை. இரு தரப்பும் தத்தம் தரப்பையே மேற்கோள் காட்டுவதால், இதை முறையான புலமை மரபு என்றே கொள்ள வேண்டும். ‘மேலாய்வு தேவை’ என்று முடிக்கும் மூன்றாம் தரப்புக்குத்தான் பெரும்பாலும் நல்கை கிடைக்கிறது. இவர்களின் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க ஐந்து நிமிடம், மதிய உணவுக்கு ஒன்றரை மணி நேரம். எது முக்கியச் செயல்பாடு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

5. நிறுத்தற்குறி

டொயோட்டா ஆலையில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் கோர்ப்பு வரிசை நிற்கும். பந்தியில் இலைக்கு மேல் கையை விரிப்பது அதற்கு நிகரானது. வரிசை நிற்காது, சாம்பார் கையில் விழும்.

6. தரக் கட்டுப்பாடு

உப்புக் குறைவு முதல் பந்தியில் கண்டறியப்பட்டு நான்காம் பந்தியில் சரிசெய்யப்படுகிறது.

7. இருப்பு

எவ்வளவு வாங்கி வைப்பது சிக்கனம் என்பதற்கு 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் ஒரு சூத்திரம் தந்தார். எதிர்பாராமல் ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கினால் சமையற்கட்டு கையாளும் சூத்திரம் ரசத்தில் வெந்நீர்.

8. கடைசிப் பந்தி

கடைசிப் பந்தியில் பரிமாறியவர்கள் அமர்கிறார்கள். அப்பளம் தீர்ந்திருக்கும். சாம்பார் வாளியை நடுவில் வைத்துத் தாங்களே ஊற்றிக்கொள்கிறார்கள். அவர்களுடைய நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை.