முஸ்தபாவும் மஞ்சள் ஒயரும்

“இந்த கேம் என் போன்லயே இருக்கே அத்தான்!”

போன ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்த மச்சினன் சொன்னது. சொன்னதோடு விட்டானா? கழுவிய ஈரம் காயாத கட்டைவிரலால் போனில் இரண்டு தட்டு தட்டி, அதில் வரும் முஸ்தபாவை ஓடவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினான். தொப்பியின் மஞ்சள்வரை துல்லியமான படம். எனக்கு எதிரே ஆறடிப் பெட்டிக்குள் அதே முஸ்தபா கறுப்பு வெள்ளையில் நடுங்கிக்கொண்டிருந்தான். இன்னும் வயிறு எரிகிறது. போனில் ஆடுவதும் பெட்டி முன்னால் நின்று ஆடுவதும் ஏன் ஒன்றாகாது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன் பெட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒருவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அது பிறகு பிரவுசிங் சென்டர் ஆகி, ஜெராக்ஸ் கடை ஆகி, இப்போது ஆதார் திருத்தமும் பார்க்கும் கடையாக இருக்கிறது. பின்கட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரே கேம் பெட்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கீரனூருக்குக் கொண்டுவந்தேன். தூசுக்காகக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு ஓடிவந்து, “யாருப்பா போயிட்டாங்க?” என்று தலைமுடியை அள்ளி முடிந்தார். ஐஸ் பெட்டி என்று நினைத்துவிட்டார்.

உள்ளே போர்டு இல்லை. மானிட்டர் இருந்தது, ஆனால் பிக்சர் டியூப் கழுத்து உடைந்து காற்று ஏறியிருந்தது. எங்கள் டிவி மெக்கானிக் அண்ணன் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பரணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உங்கள் பரணிலும் அது இருக்கும். அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி, வந்த அட்டைப்பெட்டியோடு.

பெட்டியின் முகத்தில் 20 இஞ்சுக்கு ஓட்டை. அதில் 14 இஞ்ச் டிவி. சுற்றியுள்ள இடைவெளியை ஜவுளிக்கடை காலண்டர் அட்டையை வெட்டி அடைத்தோம். வலது கீழ் மூலையில் மகாலட்சுமியின் ஒரு பாதமும் அரைத் தாமரையும் தெரியும். விளையாடும்போது அந்தப் பக்கம் கால் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம். டிவியைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே கிடையாது. நம் பழைய டிவி ஒரு படத்துக்கு 625 கோடு, வினாடிக்கு 25 படம், ஆக வினாடிக்கு 15,625 கோடு போடும். அந்தக் காலத்து கேம் பெட்டி மானிட்டர்களும் ஏறக்குறைய இதே வேகம்தான். 1993-ல் கேப்காம் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்று பெயர் வைத்து அனுப்பிய இந்த கேம் வெறும் 224 கோட்டில் வரைந்த படம். (ஜாக் என்று அதில் ஒரு கதாநாயகன் உண்டு. எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் அவன் பெயரை எவனும் சொல்லி நான் கேட்டதில்லை. 1996-ல் ‘காதல் தேசம்’ படத்தின் ‘முஸ்தபா முஸ்தபா’ பாட்டு வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.) டிவி தயார். பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரும் தயார், 1997-லேயே நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலிக்காரர் ‘மேம்’ எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார். வீட்டில் கம்ப்யூட்டர் என்று இருப்பது, அக்கா மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்.

தகராறு இங்கேதான் ஆரம்பம். டிவி 2006-ல் கலைஞர் தொடங்கிய திட்டம். லேப்டாப் 2011-ல் ஜெயலலிதா தொடங்கிய திட்டம். இரண்டையும் தொடங்கியது அதே செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். இருவருக்கும் அண்ணா ஒருவர்தான், சேருவார்களா? 1972-லிருந்து சேராத கட்சிகளை நான் டிவிக்குப் படம் கொண்டுபோகும் ஒரு மஞ்சள் ஒயரை வைத்துச் சேர்க்கப் பார்க்கிறேன். டிவி, “வினாடிக்கு 15,625, அதற்கு மேல் ஒரு கோடு தரமாட்டேன்” என்கிறது. லேப்டாப், “31,500-க்குக் குறைந்து பேச்சுக்கே இடமில்லை” என்கிறது. சரிபாதி வித்தியாசம். எந்தத் தொகுதிப் பங்கீட்டுக் குழுவாலும் முடியாது. பலவந்தமாக உட்காரவைத்தால் டிவியின் எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர் கத்தும், ஹாரிசான்டல் டிரான்சிஸ்டர் வெடிக்கும் என்று மெக்கானிக் அண்ணன் எச்சரித்தார்.

நிபந்தனையற்ற ஆதரவு தரக்கூடியது ஒன்றுதான்: அந்தக் காலத்து கேம் பெட்டிகளின் அசல் ஜாமா போர்டு. 56 முனையையும் ஒரே அழுத்தில் சொருகினால், பதவி எதுவும் கேட்காமல் 15 ஆயிரத்தில் வேலை பார்க்கும். அந்த மாதிரித் தொண்டர்களெல்லாம் இப்போது பழைய இரும்புக் கடையில். மனமாற்றம் என்று ஒரு வழி உண்டு. டெஸ்க்டாப்பில் பழைய ரேடியான் கார்டைப் போட்டு, ‘சிஆர்டி எமுடிரைவர்’ ஏற்றினால் கம்ப்யூட்டரே 15 ஆயிரத்துக்கு இறங்கிவரும். லேப்டாப்பில் கார்டு மாற்ற முடியாது, கொள்கை போர்டோடு சேர்த்துச் சோல்டர் பண்ணியிருக்கிறது. ராஸ்ப்பெரி பை என்று ஒரு சுயேச்சை இருக்கிறார். எலும்பும் தோலுமான ஆள், ஆனால் நேரே டிவியோடு பேசுவார். சுயேச்சையை நம்பி யார் டெபாசிட் கட்டுவது?

கடைசியில் கூட்டணிக் கட்சிதான் வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வரவழைத்த கன்வெர்ட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய். போன தேர்தலில் அங்கே, இந்தத் தேர்தலில் இங்கே, அடுத்ததற்கு இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை. வந்து உட்கார்ந்ததும் முதல் கோரிக்கை, தனக்குத் தனி ஐந்து வோல்ட் அடாப்டர். இரண்டாவது, தனிச் சின்னம்: ஆன் செய்ததும் முழுத்திரையில் தன் பெயரை நீல நிறத்தில் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அப்புறம் பங்கீடு. லேப்டாப் அனுப்பும் கோடுகளில் ஒற்றைப்படையை ஒருமுறை, இரட்டைப்படையை மறுமுறை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும். சுழற்சி முறை முதல்வர் பதவி. அதனால்தான் முஸ்தபா நடுங்குகிறான். ஆட்சி எப்போது கவிழுமோ என்று.

எல்லாம் முடிந்து குறைந்தபட்சப் பொதுத் திட்டம் வெளியானபோது அதில் கலர் இல்லை! கன்வெர்ட்டர் பேசுவது அமெரிக்க என்டிஎஸ்சி. நம் டிவிக்குத் தெரிந்தது பால், 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறிய நாளிலிருந்து அதுதான். என்டிஎஸ்சி கலரை வாங்கிக்கொள்ளத் தெரியாத டிவி கறுப்பு வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒத்துவரும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. தேர்தல் அறிக்கையில் அடிக்காததா?

இதற்கு மேல் இதை இழுக்கக்கூடாது. ஆனால் ஒன்று, சபாநாயகர் யார் தெரியுமா? ரிமோட். யார் பேச்சையும் கேட்காது.

முதல் காரணத்துக்கு வருகிறேன். போனில் ஆடுபவர்கள், எல்இடி டிவியில் ஆடுபவர்கள் எல்லாரிடமும் எனக்கு ஒரு கேள்வி. நாலுக்கு மூணு என்ற அளவில் வரைந்த படத்தை ஏன் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறீர்கள்? மச்சினன் வீட்டு டிவியில் சிவாஜி, சரோஜாதேவி, பழைய சிரிப்பு நடிகர்கள் அத்தனை பேரும் குள்ளமாகி, அகலமாகி, கன்னம் உப்பிப்போய்த் திரிகிறார்கள். மாற்ற ரிமோட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கமாட்டார்கள். “ஃபுல்லா தெரியட்டும், காசு குடுத்து வாங்கியிருக்கோம்ல” என்பார்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் டிவிக்காரன் ஏமாற்றிவிட்டானாம். சாவித்திரியை அகலப்படுத்திப் பார்க்கிற ஜனங்கள் எனக்கு முஸ்தபா காட்ட வந்துவிட்டார்கள்.

சரி, அது முதல் காரணம் இல்லை.

நேற்று மெக்கானிக் அண்ணன் மறுபடி வந்தார். டிவிக்குள்ளேயே நேராக சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஐசி காலில் கொடுத்துவிட்டால் கலர் வந்துவிடும் என்று அவருக்கு ஒரு யோசனை. பின்மூடியைக் கழற்றினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப்புக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதற்காகச் செருப்பைக் கழற்றாமல், இடது கையைப் பின்பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, ஒயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். ‘டப்’ என்றது. வாசலில் நின்ற அத்தை “முருகா” என்றார். ஒயரையெல்லாம் பற்றவைத்து மூடி, டிவியைப் போட்டார்.

அக்கா பேரன், ஏழு வயது, காதைப் பொத்திக்கொண்டு, “கீச்சுனு கத்துது தாத்தா, நிறுத்துங்க!” என்று கொல்லைப்பக்கம் ஓடினான். வினாடிக்கு 15,625 கோடு போடும் டிவி அதே கணக்கில் விசில் அடிக்கும். சின்னப் பிள்ளைகளின் காதுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும், வயது ஏற ஏறக் கேட்காது.

நான் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். மெக்கானிக் அண்ணனும் மறுபக்கம் ஒட்டிவைத்துக் கேட்டார்.

“ஒரு சத்தமும் இல்லையே தம்பி” என்றார். “செட்டு நல்லாத்தான் இருக்கு.”