புகைக்குச் சான்றிதழ், ஸ்டியரிங்குக்குக் கட்டுக்கம்பி

இலங்கையில் கார் வைத்திருப்பவனை அரசாங்கம் ஆண்டுக்கொரு தடவை நினைத்துக்கொள்கிறது. வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். காப்புறுதி இருக்கிறதா? இருக்கிறது. புகைப் பரிசோதனை? செய்தாயிற்று. காசு? இந்தா. முடிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில்லு திரும்புகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. 2008இல் புகைப் பரிசோதனையோடு தொடங்கிய அக்கறை இன்னும் வாகனத்தின் வாலைத் தாண்டவில்லை. அட்டன் வளைவில் கார் பள்ளத்தில் பாய்ந்தாலும் சுத்தமான புகையோடுதான் பாயும். அதற்குச் சான்றிதழ் உண்டு.

அட்டனிலோ தலவாக்கலையிலோ ஏதாவது ஒரு கராஜ் குழிக்குள் இறங்கி அண்ணாந்து பாருங்கள். ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட் எண்டின் நட்டைப் பூட்ட வேண்டிய ஸ்பிலிட் பின் இருக்காது. அந்தத் துளையில் கட்டுக்கம்பி முறுக்கிக் கிடக்கும். கொங்கிரீட் போடும்போது கட்டுவோமே, அதே கம்பி. போல் ஜொயின்ட் தேய்ந்து ஆடினால் பால்மா டின்னில் வெட்டிய தகடு ஒன்று உள்ளே போகும். கிழிந்த ரப்பர் உறைக்குப் பதில் பழைய டியூப். ரொட் வளைந்தால் சுத்தியல். வெடித்தால் வெல்டிங். அதன் மேல் கறுப்புப் பெயின்ட். அதற்கும் மேல் ஒரு உத்தரவாதம்: "பத்து வருஷத்துக்குப் பயமில்ல அண்ணே."

ஸ்டியரிங் பாகம் சும்மா இரும்பு அல்ல. அடித்து உருவாக்கி, சூடேற்றிப் பதப்படுத்திய உருக்கு. வெல்டிங் சூடு பட்டதும் பதம் போய்விடுகிறது. ஒட்டு நிற்கும். ஒட்டுக்குப் பக்கத்து உருக்கு நொறுங்கும். வளைந்து எச்சரிக்காது, பட்டென்று முறியும். பிரேக் போனால் கியரைக் குறைக்கலாம், மண்மேடு பார்த்து மோதலாம். டை ரொட் கழன்றால் எந்த மண்மேடு என்று தெரிவு செய்யும் உரிமைகூடச் சாரதிக்கு இல்லை.

சரியான வேலை ஒன்றும் பரம இரகசியமல்ல. தேய்ந்ததைக் கழற்றி எறி. புதியது போடு. சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கு. புது ஸ்பிலிட் பின் மாட்டு. அதன் விலை ஒரு பிளேன்டி காசு. பிறகு அலைன்மென்ட் பார்.

கராஜ் பாஸை மட்டும் திட்டி என்ன பயன்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் வரியைக் கேட்டாலே நெஞ்சு வலிக்கும் கணக்கில். நடுவில் 2022இல் ரூபாய் சரிந்தது. தொண்ணூறுகளின் டொல்பின் வேன் பரம்பரைச் சொத்தானது. பழைய வண்டியில் கழற்றிய பாகம் குளித்து, கிரீஸ் பூசி, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ‘ஒரிஜினல்’ என்று உட்கார்ந்தது. ஒரிஜினல்தான். எத்தனையாவது வண்டியின் ஒரிஜினல் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆனால் அதே வேனுக்கு எல்.ஈ.டி. விளக்கு வாங்கக் காசு இருந்தது. பெரிய ஸ்பீக்கருக்கும் இருந்தது. முருகனும் மாதாவும் முன்கண்ணாடியில் இருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் பின்னால் இருக்கிறார்கள். டை ரொட் எண்டுக்குத்தான் காசில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லயில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் செத்தார்கள். அந்தக் குறுக்குப் பாதையில் பெரிய வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். தண்டனை பாதைக்கு. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற அரசாங்கத் திட்டம் வந்தது. பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அலங்காரங்களைக் கழற்றினார்கள். குஞ்சம் போனது. கூடுதல் லைட் போனது. கட்டுக்கம்பி போகவில்லை. அது கீழே இருக்கிறது, குனிய வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் ரம்பொடை கெரண்டியெல்லயில் இ.போ.ச. பஸ் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். ஜூலையில் பஸ் சாரதிகளுக்கு சீட் பெல்ட் கட்டாயமானது. நல்லதுதான். சாரதியை ஆசனத்தோடு இறுக்கிவிட்டோம். ஸ்டியரிங்கை எதோடு இறுக்கியிருக்கிறார்கள் என்று யார் பார்ப்பது?

பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்த ஒரு நாளைக்கு நல்ல டயர் இரவலாக வரும், மறுநாள் சொந்தக்காரனிடம் திரும்பும். மலையகத்தில் இது தெரியாத ஒரே ஆள் பரிசோதிப்பவர்.

தனியார் காருக்கு அந்த நாடகமும் கிடையாது. அது பள்ளத்தில் விழ வேண்டும். பொலிஸ் வர வேண்டும். பிறகு மோட்டார் வாகனப் பரிசோதகர் வருவார், காகிதமும் பேனாவுமாக. அந்தக் காரின் அடிப்பாகத்தை ஓர் அரச உத்தியோகத்தர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கார் தலைகீழாகக் கிடப்பதால் அவர் குனியவும் தேவையில்லை.