குறி தப்பாத பதில்கள்

போட்டிக்கான ஏர் பிஸ்டலைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டேன். ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம். பரவாயில்லையா?

கடிகாரத்தில் மிஞ்சினால் நேரம் தப்பும். பிஸ்டலில் மிஞ்சினால் குறி தப்பும்! மறுபடி கழற்றுங்கள். உள்ளே குண்டு இல்லை என்பதை முதலில் கண்ணால் பாருங்கள். வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, கழற்றும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். மாட்டும்போது வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள். கறுப்பு ரப்பர் வளையம்கூட அந்த வெள்ளையில் ஒளிய முடியாது.

சரியாக மாட்டியிருக்கிறேனா என்று யாரைக் கேட்பது?

500 கிராம் எடையை! 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் அந்த எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. குழல் வானம் பார்க்க, எடையை டிரிகரில் மாட்டித் தூக்குவார்கள். 'டிக்' என்று விடுபட்டால் போச்சு. அதில் தேறிய பிறகு, அட்டையில் பத்துப் பதினைந்து குண்டு சுட்டுப் பாருங்கள். 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான். பின் சைட்டின் ஸ்க்ரூ துளி தளர்ந்தாலும் பொத்தான் கைக்கு எட்டாது.

ஒரு பிஸ்டலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

இரண்டு புள்ளியின் விலை தெரியுமா உங்களுக்கு? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்பியவர், மிச்ச நேரத்தில் அவசரமாகச் சுட வேண்டியதாயிற்று. 575 புள்ளி, இறுதிச்சுற்று 2 புள்ளியில் கைநழுவியது. அந்தப் பெண் துவண்டுவிடவில்லை. 2024-ல் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றார்.