இவண் அண்ணன்

குமுளி மலைப்பாதையில் ஏறுவதற்கு முன் பஸ்கள் மூச்சு வாங்கும் இடம் லோயர் கேம்ப். மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள், அவற்றின் அடியில் பெரியாறு மின்நிலையம், சற்றுத் தள்ளி, பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம். ஆனால் ஜன்னலோரம் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது, பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸில் நெருப்புக்கு நடுவே சீறி நிற்கும் ஒரு காளைதான். அதன் திமிலில் தொங்கும் பையனைக் கொஞ்சம் தேட வேண்டும். கிடைத்துவிடுவான். தேடாமலே கிடைப்பவர் இன்னொருவர். காளையைவிட ஒரு சாண் உயரமாக, கூலிங்கிளாஸ் போட்டு, கைகூப்பி நிற்கிறாரே, அவர். மாடு பிடித்தவர் இல்லை. மாட்டுக்குச் சொந்தக்காரரும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ‘இவண்’ என்று போட்டு, அதற்கும் கீழே பெரிய எழுத்தில் வரும் பெயருக்குச் சொந்தக்காரர். கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. நாம் அவரை இவண் அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனுக்கும் மாட்டுக்கும் உள்ள நெருக்கம் கேலரியின் மேல்தட்டு அளவு. ஆனால் ஜல்லிக்கட்டு விதிமுறை அத்துப்படி. திமிலைத்தான் பிடிக்க வேண்டும்; காளை 15 மீட்டர் தாண்டும்வரை, அல்லது 30 நொடி, அல்லது 3 துள்ளல் தாக்குப்பிடிக்க வேண்டும். ‘பிடிமாடு’ என்று மைக்கில் சத்தம் வந்த அடுத்த நொடி, அண்ணன் கம்பத்திலுள்ள ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டுவிடுவார். பையன் இன்னும் புழுதியிலிருந்து எழுந்திருக்க மாட்டான்.

கடையில் அண்ணன் உட்காரும் அழகே தனி. டிசைன் பண்ணும் தம்பியின் தோளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார்.

“தம்பி, மாட்டோட கண்ண இன்னும் கொஞ்சம் செவப்பாக்குப்பா.”

“அண்ணே, உங்க கண்ணுதான் செவந்திருக்கு. மொதல்ல அதச் சரிபண்ணிக்கிறேன்.”

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பையனின் முகம் பாதி மாட்டின் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கென்ன, ஆதார் அட்டைக்கு எடுத்த முகத்தை வெட்டி ஒட்டினால் ஆயிற்று. அதனால்தான் ஃப்ளெக்ஸில் பையன் கொம்புக்கு மூன்று அங்குலத்தில், எந்தக் கவலையும் இல்லாமல், மூச்சை அடக்கி நேராகப் பார்க்கிறான். கீழே ‘தென்னகத்தின் விடிவெள்ளி’. அந்த விடிவெள்ளி, விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி தன் ஃப்ளெக்ஸைத் தாண்டிக் குமுளிக்கு ஏறுகிறான். “ஏப்பா, மாட்டவிட ஜீப்ப நல்லாப் பிடிக்கிறியே” என்று உள்ளேயிருக்கும் அக்காமார் ஓட்டுகிறார்கள். பரிசாகக் கிடைத்த கட்டிலை வீடு கொண்டுவந்து சேர்க்க வண்டி வாடகை அவன் கையிலிருந்துதான் போனது. அதற்கு ‘இவண்’ யாரும் வரவில்லை.

அண்ணன் ஒருதலைப்பட்சம் பார்ப்பவர் என்று மட்டும் சொல்லக் கூடாது. அய்யம்பட்டியில் ஒரு காளை பிடிபட்டால் ‘அடக்கிய சிங்கமே’ என்று பையனுக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதே காளை பல்லவராயன்பட்டியில் பிடிபடாமல் போனால் ‘அடங்காத புயலே’ என்று மாட்டுக்கு ஒரு ஃப்ளெக்ஸ். இரண்டிலும் அதே காளைப் படம், அதே நெருப்பு. பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருப்பதைக் காட்டிக் கேட்டால், “அது வேற வாடி, இது வேற வாடி” என்பார். மாட்டுவண்டிப் பந்தயத்திலும் ஒரு பிரிவு விடமாட்டார். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று எதில் எந்த ஜோடி கொடி வாங்கினாலும் வாழ்த்து உண்டு. அங்கே ஒரு தொல்லை: ஓடுகிற வண்டியில் சாரதியின் முதுகுதான் படத்தில் விழும். முகத்துக்கு ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கக் கூடாதே என்று அண்ணன் தன் படத்தையே இரண்டாகப் போட்டுவிடுவார்.

அவருக்கும் சோதனைக் காலம் வந்தது. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றத் தடை விழுந்து, 2017 ஜனவரியில் சட்டத் திருத்தம் வரும்வரை, காதுகுத்துக்கும் சடங்குக்கும் இறங்கிவந்து காலம் தள்ளினார். மறுபடி வாடி திறந்து மூச்சு விடுவதற்குள், அதே ஆண்டு அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்றது. அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தார். காளை உயிரோடு இருக்கிறதுதான், ஆனால் நபர் இல்லை. மேல்மூலையில் வழக்கமாக வரும் பென்னிகுவிக் 1911-லேயே காலமானவர், அவரால் வம்பில்லை. பையன் படத்தை எடுத்துவிட்டார். தன் படத்தை? மாட்டின் வயிற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்குள் வைத்துக்கொண்டார். “உத்தரவெல்லாம் பெரிய படத்துக்குத்தாம்ப்பா.”

அமெரிக்க ரோடியோ வீடியோ ஒன்றை அவரிடம் யாரோ காட்டினார்கள். மாட்டின் மேல் ஏறி 8 நொடி தாங்கினால் கணக்கு என்றதும், “ஏறி ஒக்காந்தா அது சவாரிப்பா” என்று தள்ளிவிட்டார். ஆனால் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள ரோடியோ வீரர்களின் புகழ் மண்டபத்தில் போடேஷியஸ் என்ற காளைக்கே 1999-இல் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம ஆளுகதான் போல. கீழ யாரு பேரு போட்ருக்கு?”

ஜனவரி 15 வந்தால் அண்ணனைப் பிடிக்க முடியாது. பென்னிகுவிக் பிறந்தநாள். 2013-இல் அதே தேதியில் திறந்த மணிமண்டபத்துக்கு மாலை போடப் பெரிய மனிதர்களெல்லாம் வருவார்கள். வாசலுக்கு நேரான இடத்தில் முதல் நாள் இரவே சவுக்குக் கம்பு ஊன்றிவிடுவார். அணை கட்டியவர் மேலே, காளை நடுவே, வழக்கம்போல் தான் பெரிதாக. அவனியாபுரத்தில் டோக்கன் எண்ணோடு வரிசையில் நிற்கும் விடிவெள்ளிக்கு இங்கே தன் பேரில் யாரை வரவேற்கிறார்கள் என்றே தெரியாது.

இந்த வருடம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அண்ணனுக்குப் புதுச் சரக்கு கொடுத்துவிட்டார். நம் மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழகத்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. அந்தக் கூடலூர் நம் பக்கத்துக் கூடலூர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. அண்ணனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. போனில் கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கல்ல வச்சவன் பேரு எங்க சார்?”

“அது இல்லீங்க. செத்தவன் பேரும் ஊரும்தான்.”

“அவ்வளவு பெரிய கல்லுல எடமா இல்ல?” அண்ணனுக்கு மனசு ஆறவேயில்லை.

பொங்கலுக்கு வந்த ஃப்ளெக்ஸில் நெருப்பு இல்லை. பின்னணியில் அந்த நடுகல். ‘ஆகோள் மறவன் அந்தவன் வழியில்’ என்று தலைப்பு. அந்தவனுக்கென்று ஒரு வட்டமும் போட்டாயிற்று. உள்ளே வைக்கப் படம் வேண்டுமே என்று கடைத் தம்பி கேட்டான். கல்யாணத்துக்கு முன் எடுத்த தன் படம் ஒன்றை அண்ணன் பர்ஸிலிருந்து உருவிக் கொடுத்தார்.

“மீசைய மட்டும் கொஞ்சம் முறுக்கிவிட்ரு.”