ஆதம்பாக்கத்து வில்வித்தை

எழுபதுகளின் ஆதம்பாக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டே வகை. பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து பார்க்குக்கும் பீச்சுக்கும் ஆபீஸ் போகிறவர்கள் ஒரு வகை. அப்படிப் போய்ப் போய் ரிட்டையராகி, திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் இங்கிலீஷைத் திருத்துகிறவர்கள் இன்னொரு வகை. எங்களுக்கு வாய்த்த சார் இரண்டாம் வகை. ஹெட் கிளார்க்காக இருந்தவர். மடியில் எப்போதும் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென்தான் 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலையும் எழுதியவர் என்பதை மட்டும் சார் கடைசிவரை சொல்லவில்லை. கதை எழுதுகிற ஆள்தான் இலக்கணமும் எழுதினார் என்று தெரிந்தால் எங்களுக்குப் பயம் விட்டுப்போகுமே!

சாரின் தனிச்சிறப்பு, வில்வித்தை. அதாவது ‘ஷல்’ எங்கே, ‘வில்’ எங்கே என்கிற பாடம். தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில். இது வெறும் எதிர்காலம். சபதம், பிடிவாதம், மிரட்டல் என்று வந்தால் அப்படியே தலைகீழ்: ஐ வில், யூ ஷல், ஹி ஷல்.

“தண்ணியில விழுந்தவன் என்னடா கத்தணும்?” என்பார். பழைய இலக்கண வாத்தியார்களின் ஜோக் அது. இங்கிலாந்தில் ஆற்றில் விழுந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன், “ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ!” என்று அலறினானாம். ‘செத்தே தீருவேன், எவனும் காப்பாற்றக் கூடாது’ என்கிறான் போலிருக்கிறது என்று கரையில் நின்ற துரைமார் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போய்விட்டார்களாம். “இலக்கணம் தப்பினா உயிரே போயிடும், பாத்துக்கோ!” அன்றைக்கு ஆதம்பாக்கம் ஏரியில் தண்ணீரும் இருந்தது, நாங்களும் இறங்குவோம். அதனால் “ஐ ஷல் ட்ரௌன், வில் நோபடி சேவ் மீ?” என்பதை அத்தனை பேரும் நெட்டுருப் போட்டோம். ‘ஐயோ’ என்று கத்தினால் போதும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதில் எங்கள் தாய்மொழி வேறு உதவிக்கு வராது. போவேன், போவாய், போவார் என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். சபதமா, சும்மாவா என்பதைக் குரல் காட்டிவிடும். போதாததற்குப் பழங்கதையைக்கூட எதிர்காலத்தில்தான் சொல்லுவோம். “அப்பல்லாம் சார் அஞ்சு மணிக்கு வருவார், பொடி போடுவார், காதைத் திருகுவார்.” இனிமேல் வரப்போகிறவரா அவர்? போயே வெகுகாலம் ஆகிறது. நேற்றையும் நாளையையும் ஒரே வினைமுற்றில் ஓட்டுகிற ஜனங்களிடம் நாளையை இரண்டாகப் பிளந்து கொடுத்தால் என்னதான் செய்வார்கள்!

இந்த ஷல்-வில் விதியின் பூர்வோத்தரம் பிற்பாடுதான் தெரிந்தது. அதை எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியர். முடிவிலிக்கு ∞ என்ற குறியைக் கொடுத்தவரும் அவர்தான். வெளிநாட்டார் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று 1653-ல் அவர் எழுதிய இலக்கண நூல் லத்தீனில் இருந்தது. ஃபவுலர் சகோதரர்கள் 1906-ல் ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில் இந்த இரண்டு சொற்களுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிட்டு, தென் இங்கிலாந்தில் பிறந்தவருக்கு இது தானாக வரும், மற்றவர்களுக்கு வருவது துர்லபம் என்று கையை விரித்தார்கள். தென் இங்கிலாந்துக்கே அப்படியென்றால் தென் சென்னைக்கு எப்படி? 1925-ல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரீஸ், நாடகங்களில் பாத்திரங்கள் பேசுவதை எண்ணிப் பார்த்து, இந்த விதிப்படி ஜனங்கள் பேசுவதில்லை என்று காட்டினார். சேதி பரங்கிமலை தாண்டி எங்கள் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

சபதம் செய்தவர்களே விதியை மதிக்கவில்லை. 1942-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளியேறிய ஜெனரல் மக்ஆர்தர் “ஐ ஷல் ரிட்டர்ன்” என்றார். சாரின் கணக்கில் அது ‘வருவேன்னு நினைக்கிறேன்’ என்கிற அளவுதான். உலகம் சபதமாகக் கேட்டது. 1944 அக்டோபரில் லெய்ட்டே தீவில் வந்து இறங்கியும் காட்டினார்.

இன்றைக்கு அந்தத் திண்ணை இருந்த இடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங். ஆலந்தூர் நகராட்சியில் இருந்த ஊர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. ‘ஐ’ என்று தட்டியதும் செல்போனே ‘வில்’லை எடுத்து நீட்டுகிறது. சாருக்கு ஐம்பது காதுத் திருகல் மிச்சம்.

ஆனாலும் சார் சொன்ன வித்தை ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு உதவியது. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து ஆதம்பாக்கம் வழியாகப் பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டிக்கும் வேலை 2008-ல் தொடங்கியது. நிலத்துக்கான இழப்பீடு வழக்குக்குப் போனதில், எங்கள் பக்கம் சுமார் அரைக் கிலோமீட்டர் மட்டும் பாதை இல்லாமல் பல வருஷம் அந்தரத்தில் நின்றது. வருஷா வருஷம் பேப்பரில் “வில் பி ஓப்பன்ட்” என்று வரும். தெருவே கோபப்பட்டது, நான் படவில்லை. படர்க்கையில் ‘வில்’ வந்தால் வெறும் ஆரூடம். வாக்குறுதி என்றால் “ஷல் பி ஓப்பன்ட்” என்றல்லவா சொல்லியிருப்பார்கள்! இலக்கணப்படி யாருமே வாக்குத் தவறவில்லை.

சட்டம் படிக்கிற பேத்தியிடம் இதைச் சொன்னேன். “ஷல்லா? அது எங்க ஏரியா தாத்தா” என்றாள். உண்மைதான். பேச்சிலிருந்து துரத்தப்பட்ட ஷல் சட்டப் புத்தகத்தில் குடியேறிவிட்டது. இந்தியா என்கிற பாரதம் மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்ற அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே ‘ஷல்’தான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தண்டனை எல்லாம் “ஷல் பி பனிஷ்ட்”. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளோ, பொருள் குழப்பம் என்று 2007-லேயே ஷல்லைக் கழித்துக் கட்டிவிட்டன.

“அப்ப ஷல்னா கட்டாயம்தானே?”

“கட்டாயம்தான். ஆனா சில இடத்துல கட்டாயமில்லைன்னும் கோர்ட் சொல்லும்.” 1957-ல் மன்போதன் லால் வழக்கில், அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கச் சொல்லும் ‘ஷல்’ கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சட்டசபை மறுபடி நிறைவேற்றி அனுப்பும் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று 200-வது பிரிவு ‘ஷல் நாட்’ போட்டுத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகும் தமிழ்நாடு வழக்குப் போட வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே ஆகும் என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் அரசியல் சாசன அமர்வு, அப்படி ‘ஆகும்’ என்று வைத்துக்கொள்ள முடியாது, காலக்கெடுவும் விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. சாராவது காதைத் திருகியதோடு விட்டார்.

இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளே, பேசும்போது எல்லோருக்கும் ‘வில்’ போடுங்கள், ஒன்றும் ஆகாது. ‘போகலாமா’ என்று கேட்க “ஷல் வீ” மட்டும் கையில் இருந்தால் போதும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மட்டும், ‘ஷல்’ யார் பெயருக்குப் பின்னால் வருகிறது என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் குடியிருக்கிறவர் பெயருக்குப் பின்னால்தான் வரும். வீட்டுக்காரருக்கு ‘மே’.